உயிலில் அடித்த வரி

ஆயுத பூஜையன்று நெல்லித்தோப்பில் பொட்டு வைத்துக்கொள்ளாத பொருள் கிடையாது. எதிர்வீட்டில் ஆட்டோவுக்கு வைப்பார்கள், முனைவீட்டில் தையல் மெஷினுக்கு வைப்பார்கள், சந்துக் கோடியில் இருக்கிற வெல்டிங் பட்டறையில் சுத்தியல் முதல் ஸ்டூல் வரை எதையும் விடமாட்டார்கள். தெய்வநாயகம் வீட்டில் மட்டும் உயிலுக்கு வைப்பார்கள்.

மனுஷன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு உயிலுக்குக் கற்பூரம் காட்டினால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? அங்கம்மாள் இருந்தவரை வருஷம் தவறாமல் சண்டைதான். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சண்டை போட ஆளில்லையே தவிர, பூஜை நின்றபாடில்லை.

இந்தப் பழக்கம் மில்லில் வந்தது. தெய்வநாயகம் பஞ்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்பதெல்லாம் அவர் பதிவேட்டில்தான் இருக்கும். அதில் தப்பு வந்தால் திருத்த ஒரு முறை உண்டு. சுரண்டக் கூடாது. மை பூசி மறைக்கக் கூடாது. சிவப்புப் பேனாவால் ஒற்றைக் கோடு அடிக்க வேண்டும். அடித்தது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போட்டால் முடிந்தது. மானேஜரே ஆனாலும் அதற்கு மறுபேச்சு கிடையாது. வருஷத்துத் திருத்தமெல்லாம் முடித்து, ஆயுத பூஜையன்று பதிவேட்டைச் சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். மில்லை மூடினார்கள், பதிவேடு போயிற்று, பேனா மட்டும் அவர் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் திருத்துவதற்கு என்று அவரிடம் மிச்சம் இருந்தது உயில் ஒன்றுதான்.

2002-ஆம் வருஷம் தை மாதம் எழுதிப் பதிவு செய்த ஐந்து பக்க உயில். பாவம், இருபத்துமூன்று வருஷத்தில் அது படாத பாடு பட்டுவிட்டது. சைக்கிளை அடித்து மொபெட் ஆக்கியிருந்தார். மொபெட்டையும் அடித்து ‘விற்றாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார். அங்கம்மாளின் நெக்லஸ் பேத்தியின் காலேஜ் படிப்புக்குப் போனதைக் குறித்திருந்தார். மகன் மாடி கட்டிய வருஷம் ‘மாடியும் சேர்த்து’ என்று ஓரத்தில் ஏறியிருந்தது. இரண்டு சாட்சிகளில் ஒருவரான நாராயணசாமி இறந்தபோது, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘காலமானார்’ என்று எழுதி அதற்கும் இனிஷியல் போட்டிருந்தார். எல்லாப் பக்கத்திலும் குங்குமக் கறை வேறு.

இந்த வருஷம் பொரி கடலை வாங்கிக்கொள்ள மாடியிலிருந்து கவிநிலா இறங்கி வந்தாள். மாடியில் குடியிருக்கிற வக்கீல். முப்பது வயசு, கோர்ட்டுக்குப் போகத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது.

“என்ன தாத்தா, சாமிக்குப் பக்கத்துல பத்திரம் வெச்சிருக்கீங்க?”

தெய்வநாயகம் இந்தக் கேள்விக்காக ஒன்பது வருஷமாகக் காத்திருந்தவர்போல எழுந்து வந்தார்.

“உயிலு வக்கீலம்மா. எழுதி பீரோவுல போட்டுட்டு மறந்துடுற ஆளு இல்ல நானு. வருஷா வருஷம் இன்னைய தேதிக்கு கரெக்டா இருக்கும். படிச்சுப் பாரு. உங்க கோர்ட்டுல இப்பிடி ஒண்ண பாத்திருக்க மாட்ட.”

பார்த்ததில்லைதான். முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தாள். மூன்றாம் பக்கம் வந்தபோது பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“இந்தத் திருத்தமெல்லாம் நீங்களே பண்ணதா தாத்தா?”

“பின்ன? இனிஷியல் இருக்குது பாரு. தேதி இருக்குது.”

“சாட்சி?”

“திருத்தறதுக்கு எதுக்கு சாட்சி?”

கவிநிலா பொரித் தட்டைக் கீழே வைத்தாள். நாளும் கிழமையுமாக வயசான மனுஷனிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் போவது அதைவிடப் பெரிய பாவம் என்று பட்டது.

“உயில் எழுதி கையெழுத்து போட்டப்புறம் அதுல ஒரு வார்த்தைய மாத்தணும்னாலும் மொதல்ல பண்ண மாதிரியேதான் பண்ணணும் தாத்தா. நீங்க போடணும், ரெண்டு சாட்சியும் போடணும். உங்க இனிஷியல் மட்டும் இருந்தா சட்டம் அத கண்டுக்காது. இதுல நீங்க பண்ண திருத்தம் ஒண்ணு கூட செல்லாது. ரெண்டாயிரத்து ரெண்டுல என்ன எழுதினீங்களோ, இன்னைக்கும் அதான் உயில்.”

“அடிச்ச வரி?”

“அடிக்காத மாதிரிதான். கீழ இருக்கறது நல்லா படிக்க வேற முடியுது. மைய ஊத்தி ஒண்ணுமே தெரியாம அழிச்சிருந்தாலாவது ஏதாவது வாதாடலாம்.”

தெய்வநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்த ஒற்றைக் கோடு அவரைக் கவிழ்த்துவிட்டது. சைக்கிள் போனால் போகட்டும், மொபெட்டும் போகட்டும். அவர் நாலாவது பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து, சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“இது?”

கவிநிலா குனிந்து படித்தாள். ‘அன்புசெல்வி என்பவள் என் விருப்பத்தை மீறித் திருமணம் செய்துகொண்டபடியால் அவள் எனக்கு மகளுமல்ல, என் சொத்தில் அவளுக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை.’ அதன்மேல் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில், ‘அன்புசெல்வி என் மகள். சரிபாதி. தெ.நா. 14-10-2002.’

சமையலறையில் சுண்டலுக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. தாளித்துக்கொண்டிருந்தது அந்த அன்புசெல்விதான்.

“இதுவும்தான் தாத்தா” என்றாள் கவிநிலா மெதுவாக. “பத்திர ஆபீஸ்ல இருக்கற காப்பியில இந்தக் கோடு கூட இருக்காது.”

அன்புசெல்வி இருபத்திரண்டு வயசில், வீராம்பட்டினத்து முகிலனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். முகிலன் வீட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பார்கள். மில்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவரின் பெண் மீன் கூடை தூக்குவதா என்று தெய்வநாயகம் கொதித்தார். வேறு சாதி என்பதையும் வாய்விட்டே சொன்னார். அந்தக் கொதிப்பில் போய் எழுதியதுதான் உயில். வீடு முழுக்க மகன் அரிகிருஷ்ணனுக்கு.

ஒன்பது மாசம் கழித்து, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனவர் அவளைப் பார்த்துவிட்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கீரைக்காரியிடம் அப்படியே அங்கம்மாள் குரலில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி, அவள் போகிறவரை நின்றார். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்ததும் மனசு லேசாகிவிட்டது. மகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றோ, கூப்பிட்டு அனுப்ப வேண்டும் என்றோ தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் வறட்டு வீம்பு விடவில்லை.

அப்படியே பதினோரு வருஷம் ஓடிற்று. அங்கம்மாள் பக்கவாதத்தில் விழுந்தபோது, யாரும் கூப்பிடாமல் அன்புசெல்வியே பையோடு வந்து நின்றாள். அம்மாவைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மூன்று வருஷம் கண் இமைபோலப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் புருஷனோடு இங்கேயே வந்துவிட்டாள். பழசைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

இப்போது தெய்வநாயகத்தின் இதயத்தில் அடைப்பு. அடுத்த வாரம் புதன்கிழமை ஸ்டென்ட் வைக்க நாள் குறித்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். ஏதாவது ஆகிவிட்டால், காரியம் முடிந்த கையோடு அன்புசெல்வி அந்தக் காப்பியை வாங்கிப் படிப்பாள். அப்பன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை ‘அவள் எனக்கு மகளுமல்ல’ என்பதாக இருக்கும். வீடு போவதைவிட அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

“புதுசா எழுதணும்” என்றார். “புதன்கிழமைக்குள்ள. அன்புவுக்கு இந்த வரி இருந்ததே தெரியக் கூடாது.”

“எழுதிடலாம் தாத்தா. திங்கக்கிழமை பதிவுக்கு நேரம் வாங்கறேன். தெளிவான புத்தியோட இருக்கீங்கன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் ஒண்ணு வாங்கிடுவோம். ஒரு சாட்சி நான் போடறேன். இன்னொருத்தர் வேணும்.”

மகனிடம் சொல்லாமல் செய்ய அவருக்கு மனசு ஒப்பவில்லை. அரிகிருஷ்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். வீடு முழுக்க உனக்குத்தான் என்று அவனிடம் சொல்லி இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. மறுநாள் மொட்டைமாடிக்குப் போய் போன் போட்டார்.

“அரி, உயில மாத்தி எழுதப் போறேன். கீழ் வீடு அன்புக்கு. மாடி உனக்கு.”

சொல்லிவிட்டு, தெய்வநாயகம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“மாடி நான் கட்டினதுப்பா. அத எனக்குன்னு தெளிவா எழுதிடு” என்றான். பிறகு குரல் மாறியது. “அன்னைக்கு நீ எழுதறப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். வேணாம்ப்பான்னு ஒரு வார்த்த சொல்லல. முழு வீடும் வருதேன்னு வாய மூடிக்கிட்டேன். அத நெனச்சா இன்னைக்கும் அவ மூஞ்சிய நேரா பாக்க முடியல. மொதல்ல அந்த வரிய எடுத்துடு.”

தெய்வநாயகம் “சரிப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெற்ற பிள்ளை நல்லவன் என்று தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது சாட்சிக்கு முருகையனைப் பிடித்தார். மில்லில் கூட வேலை பார்த்தவர், பழைய உயிலின் சாட்சிகளில் உயிரோடு இருப்பவர். ரெட்டியார்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரே கவலை, முருகையன் வாயில் எதுவும் தங்காது.

“இன்னாய்யா, திரும்பவும் உயிலா? போன தடவ எழுதனதுக்கே நீ இன்னும் போய்ச் சேரல” என்றார் முருகையன். ஆனால் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எல்லாம் தயாராக இருந்தது. பழைய உயிலை ரத்து செய்வதாகப் புதியதில் எழுதியிருப்பதால், அதன் பதிவு எண்ணைச் சரிபார்க்கக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள் கவிநிலா. தெய்வநாயகம் பீரோவைத் திறந்தார். உயில் வைக்கிற மஞ்சள் பையைக் காணவில்லை. துணிகளை இழுத்துப் போட்டார். கீழ்த்தட்டைப் பார்த்தார். பூஜை முடிந்து எடுத்து வைத்த ஞாபகமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. புதன்கிழமை வரைக்கும் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

“இதத்தான் தேடுறியாப்பா?”

அன்புசெல்வி கதவருகே நின்றாள். கையில் மஞ்சள் பை.

“பூஜை வெளக்குலேருந்து எண்ண கொட்டியிருந்துச்சு. ஒத்தி எடுத்து காய வெச்சேன்.”

அவர் பையை வாங்கவில்லை. “படிச்சியா?” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“இப்ப படிக்கல.” அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாலயே படிச்சிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ரேஷன் கார்டு கேட்டாங்கன்னு பீரோவ தெறந்தேன்.”

தெய்வநாயகம் சுவரோரமாகச் சாய்ந்து நின்றார்.

“மகளுமல்லன்னு படிச்சதும் பைய எடுத்துட்டேன்ப்பா. அம்மாவுக்குத் துணி மாத்த நான் வேணும், ஆனா இந்தாளுக்கு நான் மகளே இல்ல. ஊருக்கே போயிடலாம்னு வாசல் வரைக்கும் போனேன். கார்டு எடுக்காம வந்துட்டமேன்னு திரும்பி வந்தேன். அப்பதான் செவப்புக் கோடு கண்ணுல பட்டுச்சு. தேதிய பாத்தேன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை.

“அப்ப நான் ஆறு மாசம் முழுகாம இருந்தேன். கோவமா இருக்காரு, கோவமா இருக்காருன்னு நெனச்சி நெனச்சி எத்தன நாளு அழுதிருப்பேன். அத்தன வருஷமும் இந்த பீரோவுக்குள்ள நான் மகளாத்தான் இருந்திருக்கேன். ஏம்ப்பா ஒரு வார்த்த வந்து சொல்லல?”

மில்லில் ஒருவன் பேரில் விழுந்த தப்பைத் திருத்தினால் அவனைக் கூப்பிட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. மாசக் கடைசியில் சம்பளம் சரியாக வரும், அதிலேயே அவன் தெரிந்துகொள்வான். வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று தெய்வநாயகம் இருந்துவிட்டார்.

“திருத்திட்டா போதும்னு நெனச்சேன்மா” என்றார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயசில் இப்படி அழுவதற்கு வெட்கமாக இருந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. அன்புசெல்வி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் திருத்தம் செல்லாது என்பதையும் சொன்னார்.

“யாரு சொன்னது செல்லாதுன்னு? பைய கீழ போட்டுட்டு நான் இங்கயே இருந்தது எத நம்பி?” என்றாள். பிறகு தணிந்து, “சட்டத்துக்கு வேணும்னா புதுசா எழுது. நம்பர காட்டிட்டு இத என்கிட்ட திருப்பிக் குடுத்துடு. கிழிக்க விட மாட்டேன்” என்றாள்.

அவளும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆபீஸ் படியில் உன்னை யார் ஏற்றுவது, முருகையன் மாமாவுக்கே ரெண்டு ஆள் வேணும் என்றாள். அது உண்மைதான்.

சாரம் பகுதியில் இருந்த பத்திர ஆபீசில் நல்ல கூட்டம். வீடு வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், புதுக் கல்யாண ஜோடி ஒன்று. அன்புசெல்வியை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் கவிநிலா. சொத்தைப் பெறப்போகிறவரே பக்கத்தில் நின்று எழுதவைத்தார் என்று பின்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அன்புசெல்வி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தெய்வநாயகமும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போனார்கள்.

பதிவு அதிகாரி நடுவயசுக்காரர். பத்திரத்தைப் புரட்டி, போட்டோவைப் பார்த்து, தெய்வநாயகத்தைப் பார்த்தார்.

“உங்க இஷ்டப்படிதான் எழுதினீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலியே?”

“இல்ல சார்.”

“படிச்சுக் காட்டறேன். சரியா இருக்கான்னு சொல்லுங்க.” அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுவென்று படித்துக்கொண்டு போனார்.

தெய்வநாயகம் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சில் மகளின் முதுகு தெரிந்தது.

“சார், கொஞ்சம் சத்தமா படிங்க. எனக்குக் காது மந்தம்.”

முருகையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு எப்பய்யா காது போச்சு?”

தெய்வநாயகம் அவர் காலை மிதித்தார். கவிநிலா குனிந்து பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். அதிகாரிக்கு வயசானவர்களைப் பார்த்துப் பழக்கம், குரலை உயர்த்தினார்.

“நெல்லித்தோப்பு வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் என் மகள் அன்புசெல்விக்கு. என்னையும் என் மனைவியையும் உடனிருந்து காத்த என் மகளுக்கு இதை முழு மனதோடு எழுதி வைக்கிறேன்.”

கூடத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். புதுப்பெண் கூடப் பார்த்தாள்.

“கேட்டுச்சா பெரியவரே?”

“இன்னும் ஒருவாட்டி சார். அந்த ஒரு வரி மட்டும்.”

அதிகாரி இன்னும் உரக்கப் படித்தார். பெஞ்சில் அன்புசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெய்வநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, “சரியா இருக்குது சார்” என்றார்.

சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. அதைத் தொடாமல், மேஜைமேல் இருந்த நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கவிநிலா போட்டாள். முருகையன், ‘காலமானார்னு எழுத எடம் விட்டுத்தான் போடுறேன்’ என்று முனகிக்கொண்டே போட்டார்.

வெளியே வந்ததும் பழைய உயிலை மஞ்சள் பையோடு மகளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“காது எப்பலேருந்துப்பா கேக்கல?”

“உள்ள போனதுலேருந்து” என்றார். படியில் இறங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “முகிலனுக்குப் போன் போடும்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு நாளைக்கு கஞ்சிதான் குடுப்பானுங்க. இன்னைக்கு நல்ல வஞ்சிரமா பாத்து எடுத்து வெக்கச் சொல்லு. முருகையனும் சாப்பிட வரான்.”